இருமினால் பொத்தானை அழுத்தவும்

அடுத்தவர் காதில் என்ன விழுகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. காது டாக்டரின் கிளினிக்கில், ஒலி புகாத சிறிய அறைக்குள் ஆளை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிடுவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெஷினில் மெல்லிய சத்தங்களை அனுப்புவாள். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்ப்பவளுக்குத்தான் அந்த இருமல் வந்து ஒட்டிக்கொண்டது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தொண்டைக்குள் யாரோ கோழி இறகை விட்டு வருடுகிற மாதிரி ஓர் அரிப்பு. அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீர் முட்டும். வெந்நீர், தேன், கலர் கலராக சிரப் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எக்ஸ்ரேயில் நெஞ்சு பளிங்கு மாதிரி இருந்தது. பள்ளி வேன் ஓட்டும் கணவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹாலுக்குக் குடிபோய் மாதக்கணக்காகிறது. எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் இருமல் பிடித்துக்கொள்ளும். மீதியை எதிரில் இருப்பவர்கள் முடித்துவைப்பார்கள், எப்போதும் தப்பாக.

ஒருநாள் வயதான தையல்காரர் ஒருவரை அவர் மனைவி அழைத்துவந்தார்.

"கூப்பிட்டா திரும்பறதே இல்ல. நடிக்கிறாரோன்னு சந்தேகமா இருக்கு."

சோதனை முழுக்க இவளுக்குத் தொண்டை அரித்தது. ஒவ்வொரு சத்தத்தையும் வாயைப் பொத்திக் குலுங்கிக்கொண்டேதான் அனுப்பினாள். தையல்காரர் ஒன்றுவிடாமல் அழுத்தினார்.

முடிவைப் பார்த்த டாக்டர், "இவருக்குப் பாம்புச் செவிங்க" என்றார்.

"பாத்தீங்களா. இத்தனை வருஷமா என்னைத் தொண்டை கிழிய கத்த விட்டிருக்கார்."

தையல்காரர் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இவளுக்கு உறுத்தியது. குனிந்து அவர் காதருகே உரக்கக் கேட்டாள்: "ஐயா, உள்ள என்ன கேட்டுச்சு?"

"எனக்கு எங்க கேக்குதும்மா? நீங்கதான் தோளைக் குலுக்கிக் குலுக்கி, இப்ப அழுத்து, இப்ப அழுத்துன்னு சொன்னீங்களே. நல்ல மனசும்மா உங்களுக்கு."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டரிடம் சொல்லி, நாற்காலியைத் திருப்பிப் போட்டு மறுபடி சோதித்தாள். இம்முறை தையல்காரர் பொத்தானைத் தொடவேயில்லை என்றே சொல்லலாம்.

டாக்டர் காது கேட்கும் கருவி ஒன்றை அவர் காதில் பொருத்திப் பார்த்தார். மனைவியின் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப நெஜமாவே கேக்கலையா? பாவம், என்ன திட்டு திட்டியிருக்கேன்."

தையல்காரர் திரும்பினார். "திட்டுனியா? எப்ப?"

அவர்கள் போனதும் டாக்டர் இவள் பக்கம் திரும்பினார். "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"இருமலுக்கா சார்?"

"வேற எதுக்காவது."

"பிரஷருக்கு ஒண்ணு. அதுவும் இந்த இருமலும் கிட்டத்தட்ட..." இருமல் வந்துவிட்டது.

"ஒண்ணாதான் ஆரம்பிச்சுதா?"

தலையாட்டினாள். அவள் பேச்சை ஒருவர் சரியாக முடித்தது அதுதான் முதல் தடவை.

"அதுல ஒரு வகை மாத்திரை சிலருக்கு இப்படிப் பண்ணும். நீங்களா நிறுத்திடாதீங்க. எழுதிக் கொடுத்த டாக்டரப் போய்ப் பாருங்க."

மாத்திரை மாறியது. இருமல் உடனே கிளம்பிவிடவில்லை. விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று பேசும் விருந்தாளி மாதிரி இழுத்தடித்துத்தான் போனது. போன பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, தையல்காரர் கதையைக் கணவரிடம் ஒரே மூச்சில் சொன்னாள். அது முடிந்ததும் நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை, அப்புறம் கழுவாத வேன் என்று, இத்தனை மாதமாகப் பாதியில் நின்றதையெல்லாம் எடுத்தாள்.

"கேக்கறீங்களா?"

"கேக்குது, சொல்லு" என்றார் கணவர். அவருக்குச் சாப்பிட்ட கை எப்போதோ காய்ந்துபோயிருந்தது.