சுண்ணாம்புக்கு இரண்டு புள்ளி

அந்த விடைத்தாளைத் திருத்தும்போதே எனக்கு ஏதோ உறுத்தியது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தேன். நான்காம் படிவ வகுப்பின் வேதியியல், நடுநிலையாக்கல் பாடம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அடக்குவதற்கு அன்றாட வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கேட்டிருந்தேன். வகுப்பே கூடிப் பேசி வைத்ததுபோல் பற்பசை என்று எழுதியிருந்தது. கொஞ்சம் துணிந்தவர்கள் வயிற்றெரிச்சல் மருந்துவரை போயிருந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் தன் வீட்டிலிருந்து எழுதியிருந்தாள். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் உடம்பில் பட்டால் சுண்ணாம்பு போட வேண்டும், இரண்டும் சேர்ந்து உப்பும் நீரும் ஆகிவிடும். கீழே சமன்பாடு, ஓர் எண்கூடப் பிசகாமல்.

சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள பழைய தோட்டங்களில் குளவி கொட்டினாலும் பூரான் கடித்தாலும் சுண்ணாம்புதான். நானும் அப்படித் தடவப்பட்டு வளர்ந்தவள்தான். அந்தப் பழக்கத்துக்கு ஒரு சமன்பாடு கண்டுபிடித்துவிட்டாளே என்று எனக்குப் பெருமை பொங்கியது. ஆசிட் பட்டால் தண்ணீர், மேலும் தண்ணீர், தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? அமிலமும் காரமும் சேர்ந்தால் சூடு கிளம்பும் என்று அந்த வாரம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தியவளே நான்தான். தாளைக் கொடுக்கும்போது வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று சரி போட்டு முழு மதிப்பெண் கொடுத்தேன். இரண்டு புள்ளி. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு.

கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமை, விளையாட்டுப் போட்டிக்கு அணிவகுப்புப் பயிற்சி என்று என் பாடவேளையைப் பிடுங்கிக்கொண்டார்கள். வந்த எரிச்சலில் தாள்களை வகுப்புத் தலைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டு ஈப்போவுக்குக் காரை எடுத்துவிட்டேன். சொல்ல நினைத்தது சுத்தமாக மறந்துபோனது.

திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் இடம் காலியாக இருந்தது. அவள் அம்மாவின் கண்ணில் ஆசிட் தெறித்துவிட்டதாம். அந்த அம்மா யாரோ ஒரு முதலாளியின் சின்னப் பால்மரக் காட்டில் ரப்பர் மரம் சீவுகிறவர். சனிக்கிழமை காலை, வீட்டுப் பின்புறத்தில் ஆசிட்டைப் போத்தலில் ஊற்றும்போது நடந்ததென்று அவளுக்குப் பக்கத்து மேசைக்காரி சொன்னாள். மகள் கூட இருந்தாளா என்று கேட்டேன். இருந்தாளாம். அதற்கு மேல் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் பள்ளிக்கு வந்தாள். ஆய்வுக்கூட வாசலில் என்னைத் தேடி வந்து நின்றாள்.

"அம்மாவுக்கு வலது கண்ணு இனி தெரியாதாம் டீச்சர். ஆசிட் அவ்ளோ மோசம்லா. நான் உடனே வெத்தல டப்பாவுல இருந்த சுண்ணாம்ப கரைச்சு ஊத்திட்டேன். இல்லனா இன்னும் மோசமாயிருக்கும்னு அம்மா சொல்றாங்க."

நன்றியோடு சொன்னாள். கண்ணுக்கு ஆசிட்டைவிடச் சுண்ணாம்பு பொல்லாதது. ஆசிட் பெரும்பாலும் மேலே சுட்டுவிட்டு நின்றுவிடும், சுண்ணாம்பு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எதையும் மனசில் வைத்துக்கொண்டு ஒரு வாய் சோறு தின்ன முடியாத பிறவி நான். ஒரு வாரம் தாக்குப்பிடித்தேன். அடுத்த சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினேன். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போன வழியெல்லாம், வேண்டாம், திரும்பிவிடு என்று உள்ளுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. கோழைத்தனம் என்று அதை அதட்டி அடக்கினேன்.

அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மகளை மைலோ கலக்க அடுப்படிக்கு அனுப்பினார். நடுவில் ஒரு திரைச்சீலைதான். குளிர்பெட்டிக் கதவில் அந்த விடைத்தாள் ஒட்டியிருந்தது, என் நட்சத்திரம் எனக்கு நேராக. பக்கவாட்டுக் கதவு வழியாகப் பின்புறம் தெரிந்தது. ஆசிட் கேனுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மூன்று எட்டுகூட இருக்காது.

அதைப் பார்த்ததும் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது.

"அக்கா, ஆசிட் இல்ல, சுண்ணாம்புதான் உங்க கண்ணக் கெடுத்துச்சு. தண்ணி மட்டும் ஊத்தியிருந்தா போதும். அவ எழுதினது தப்புன்னு தெரிஞ்சே நான் சரின்னு போட்டேன்."

அவர் அதிரவில்லை. கையை மட்டும் தாழ்த்தி, தாழ்த்தி, குரலைக் குறைக்கச் சொன்னார்.

"மெல்லப் பேசுங்க டீச்சர். டாக்டர் அன்னிக்கே என்கிட்ட தனியா சொல்லிட்டாரு. ஆசிட்டாலதான் போச்சுன்னு நான்தான் அவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவளுக்குத் தெரியவே கூடாது."

திரைச்சீலை விலகியிருந்தது. அவள் இரண்டு கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. வந்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கோப்பைகளை எங்கள் முன்னால் வைத்தாள். அம்மா அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பாமல் பின்பக்கம் போனாள்.

என் மனப்பாரத்தை இறக்கி வைக்கத்தான் போயிருந்தேன். இறக்கி வைத்துவிட்டேன், அந்தப் பெண்ணின் தலையில்.

பின்புறத்தில் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. நான் எழுந்து காருக்குப் போகும்வரை அதை அவள் மூடவில்லை.