சட்டுனு கழுதையாகவே இருக்கட்டும்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவளை எல்லோரும் வேன் அக்கா என்றே கூப்பிட்டார்கள், பிள்ளைகளின் அம்மாக்கள் உட்பட. அதட்டிப் பேச மாட்டாள். பின்சீட்டில் சண்டை வந்தால் கண்ணாடி வழியாக ஒரு பார்வை, அதிலேயே அடங்கிவிடும்.

அந்த வருஷம் புதிதாகக் குடிவந்த ஒரு சிறுமி மட்டும் எதற்கும் அடங்கவில்லை. பழைய சிநேகிதிகளை விட்டுவந்த துக்கத்தில் தினமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஒருநாள் வேன் அக்கா இறங்கிவந்து அவள் பக்கத்தில் குந்தினாள்.

"உன் சீட்டுக்கு அடியில ஒண்ணு படுத்திருக்கு. நீ வரலைன்னா அது பாட்டுக்கு இறங்கிப் போயிடும்."

"என்னது?"

"இப்போ கீரி. விடியும்போது ஆமையா இருந்துச்சு."

அழுகை நின்றது. "அது பேரு?"

"சட்டுனு. சட்டுனு மாறிடுமில்ல, அதான்."

அன்றிலிருந்து போகவர கதைதான். கோபித்துக்கொண்டு ஊரை விட்டுப் போன ஓர் ஆற்றைத் தேடி ஒரு சிறுமியும் சட்டுனுவும் கிளம்பினார்கள். ஜன்னலோரச் சீட்டுக்கான அடிதடிகூட நின்றுபோனது.

கதை பாதியில் இருக்கும்போது சிறுமியின் அப்பாவுக்கு மறுபடி வேலை மாற்றல். கடைசி நாள் இறங்கும்போது, "ஆறு கிடைக்குமா, கிடைக்காதா?" என்று கேட்டாள். வேன் அக்காவுக்கே தெரியாது.

"எழுதி அனுப்புறேன்" என்றாள். சொல்லிவிட்டாள், அவ்வளவுதான், இனி செய்தாக வேண்டும்.

பிள்ளைகளை விட்டபின் வேனை மரத்தடியில் நிறுத்தி, போனிடம் கதை சொன்னாள். போன் அதை எழுத்தாக்கியது. 'கீரி பாம்பின் கழுத்தைக் கவ்வியது' என்றால் 'கீரை பாம்பின் கழுத்தைக் கவ்வியது' என்று எழுதும். ஒவ்வொரு கீரையையும் பிடுங்கிக் கீரியாக்கினாள்.

வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் கணவன் ஒருநாள் கேட்டான்: "வண்டியில தனியா உக்காந்து பேசுறியாமே?"

"கதை சொல்றேங்க."

"யாருக்கு?"

"போனுக்கு."



எழுதியதைச் சிறுமியின் அம்மா போனுக்கு அனுப்பினாள். பதில் சிறுமியின் குரலிலேயே வந்தது: "வேன் அக்கா, எனக்குப் பயமே வரலை. கூண்டுல போட்டா எறும்பாயிடுது, தண்ணியில விழுந்தா மீனாயிடுது. அப்புறம் நான் எதுக்குக் கவலைப்படணும்?"

சுருக்கென்றது. ஆனால் உண்மை. பாதிக்கு மேல் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை, உருவம் மாறும்போதெல்லாம் சட்டுனு ஏதோ ஒன்றை மறந்துபோகும். முதலில் ஆற்றின் வாசனை, பிறகு வந்த வழி. இப்போது சட்டுனுவின் உருவத்தை மாற்றவே அவளுக்குக் கை வரவில்லை. கடைசியில், காலொடிந்த சிறுமியை ஆறு ஒளிந்திருக்கும் மலைமேல் சுமக்கக் கழுதையாகும். இன்னொரு முறை மாறினால் அவளையே மறந்துவிடும் என்று தெரிந்து, கழுதையாகவே இருந்துவிடும்.

முடித்த கதையைத் தாளில் அச்செடுத்து ஒரு பதிப்பகத்துக்குக் கொண்டுபோனாள். பதிப்பகத்துக்காரர் கதையைப் புகழ்ந்தார். "ஆனா கடைசியில போயும் போயும் கழுதையா? புலியா மாத்திடுங்க. அட்டையில புலி இருந்தா புள்ளைங்க விடாது."

"புலி சுமை தூக்காதுங்க, சார்."

"சரி, றெக்கை வெச்ச குதிரை?"

"பறந்துட்டா அதுக்கு என்ன கஷ்டம்? கழுதையாவே இருக்கட்டும்."

"அப்போ கஷ்டம்மா."

தாள்களை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

"ஒரு மிருகம்தானே, மாத்திக் குடுத்திருக்கலாம்ல?" என்றான் கணவன்.

"பாக்க நல்லாருந்தா போதும், கீல் வேண்டாம்னு சொன்னா நீங்க கேட் செஞ்சு குடுப்பீங்களா?"

அவன் சிரித்துவிட்டான். அடுத்த விடுமுறையன்று அவனே பைக்கில் இன்னொரு பதிப்பகத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே நீளம் அதிகம் என்றார்கள். வேறொரு இடத்திலிருந்து பதிலே இல்லை. விடுமுறை வந்தால் தாள்களோடு கிளம்புவது அவளுக்குப் பழகிவிட்டது. கடைசியில், வீட்டு மாடியில் பதிப்பகம் நடத்தும் ஒரு பெண், ஒரே மூச்சில் படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே, "கழுதையை யாரை வெச்சு வரையலாம்?" என்று கேட்டாள்.

புத்தகம் ஓஹோ என்று ஓடவில்லை, ஆனால் ஓடியது. முதல் பிரதி போன இடத்திலிருந்து ஒரு வாரத்தில் குரல் வந்தது: "கடைசியில அழுதுட்டேன், வேன் அக்கா. ஆனா நடுவுல அந்தப் பாலம் வர்ற இடம் கொஞ்சம் இழுக்குது."

அது அவளுக்கும் உறுத்திக்கொண்டிருந்த இடம்தான். அடுத்த பதிப்பில் பாலத்தைச் சுருக்குவது என்று முடிவெடுத்து, வண்டியைக் கிளப்பினாள்.