மூன்றாம் பாகமும் பக்கத்து சீட்டும்

நாள் முழுக்க மீட்டிங்கில் பேசி அலுத்து, விவேக் நகர் பஸ்ஸில் உட்கார்ந்து நாவலைப் பிரித்தேன். ஐந்தில் மூன்றாம் பாகம். மனிதர்களும் வேற்றுக்கிரகவாசிகளும் இன்னும் ஒரு பொதுமொழி தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்து சீட்காரர் அட்டையைப் பார்த்தார். "இது நானு ஓதிதீனி சார்." படித்துவிட்டாராம். கதையின் முடிவையும் சொல்ல ஆரம்பித்தார்.

அவருடைய கன்னடமும் என் கன்னடமும் சேர்ந்து நொண்டியதில், நல்லவேளை, எதுவும் புரியவில்லை.

அப்போது அவர் செல்போன் அடித்தது. "பஸ்லதாம்மா இருக்கேன், வந்துட்றேன்."

என் வாய் சும்மா இருந்ததா? "நீங்க தமிழா?"

"அட, மொதல்லயே சொல்லக்கூடாதா சார்!"

சந்தோஷமாகத் திரும்பி உட்கார்ந்து, ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கம் வரை தெளிவாகச் சொல்லி முடித்தார்.

மிச்சத்தைப் படிக்கவா, விடவா? படித்தவர்கள் பதில் போடுங்கள். தயவுசெய்து அரைகுறைக் கன்னடத்தில்.