ஆயுத பூசையன்று கழற்றிய ஐ.சி.

போர்டு வேலை செய்கிறவனுக்குத் தன் வேலைமேல் சந்தேகம் வரக் கூடாது. எனக்கு ஓர் ஆயுத பூசையன்று வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. சிங்காநல்லூரில் மில் மிசின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி தலைப்பிரசவத்துக்குக் காரமடையில் உள்ள தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மகள் நாளுக்கு முன்பே பிறந்துவிட்டாள். என் முழங்கை நீளம்கூட இல்லை. அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவளை வைத்திருந்தார்கள்.

பூசையன்று காலையில் நான் அங்கே இருக்கும்போதே பெட்டி அலறத் தொடங்கியது. சூடு காட்டும் எண் தாறுமாறாக ஏறி இறங்கியது. டாக்டரம்மா குழந்தையை எடுத்து என் மனைவியின் நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, நீங்க போர்டு வேலை செய்யறவருதானுங்களே? இந்த மழையில இத்தினிக்கூண்டு கொழந்தைய டவுனுக்குக் கொண்டு போறதுக்கு எனக்கே பயமா இருக்குதுங்க. கம்பெனிக்காரன் நாளன்னிக்குத்தான் வருவானாமா."

திறந்து பார்த்ததும் வந்த கோபத்துக்கு அளவில்லை. விடியக்காலம் பூசை போட்ட புண்ணியவான் யாரோ, பெட்டியில் சந்தனமும் குங்குமமும் வைத்ததோடு நிற்காமல் தீர்த்தத்தையும் தெளித்திருக்கிறார். காற்றுப் போகும் துளை வழியாகக் குங்குமத் தண்ணீர் இறங்கி, ஐ.சி. என்கிற கறுப்புச் சில்லு ஒன்றின் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன். அடியில் இருந்தது வரவில்லை. ஐ.சி.யைக் கழற்றியே ஆக வேண்டும். அதைப்போல இன்னொன்றுக்கு நான் எங்கே போவேன்? கழற்றியதையே உயிரோடு திரும்ப வைக்க வேண்டும்.

ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் என் சால்டரிங் அயர்ன், பூசைக்கென்று நான் கொண்டுவந்தது, மாமனார் வீட்டில் சாமி முன்னால், சந்தனமும் குங்குமமுமாக இருந்தது. அடுத்தவனைத் திட்ட எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? எடுக்கப் போனபோது மாமனார் மறித்தார்.

"மாப்ள, பூசைல வெச்சத இன்னைக்குத் தொடப்படாதுங்க. பச்சக் கொழந்தைய வெச்சுக்கிட்டு சாமி குத்தம் வேண்டாமுங்க."

"குத்தம் எம்மேல இருக்கட்டுங்க மாமா" என்று எடுத்துக்கொண்டு ஓடினேன்.

சூடேறியதும் நுனியில் சந்தனம் கருகி வாடை அடித்தது. சூட்டுக்காற்று அடிக்கும் மிசினெல்லாம் அப்போது எங்களிடம் ஏது? பழைய மோட்டாரில் உருவிய மெல்லிய எனாமல் கம்பிதான். அதை ஐ.சி. கால்களின் பின்னால் நுழைத்து, ஒரு முனையைப் போர்டில் பற்றவைத்து, மறு முனையை இழுத்துக்கொண்டே ஒவ்வொரு காலாகச் சுட வேண்டும். ஈயம் உருகியதும் கம்பி காலுக்கு அடியில் வழுக்கி வரும், கால் விட்டுவிடும். கொஞ்சம் முந்தினால் போர்டில் ஒட்டியிருக்கும் செம்புத் தடமே உரிந்து வரும். கொஞ்சம் பிந்தினால் ஐ.சி. வெந்துபோகும். மில் போர்டு என்றால் "போனாப் போகுது கழுதை" என்று இழுப்பேன். அன்று மூச்சு விடவே பயமாக இருந்தது.

கடைசிக் காலில் கம்பியோடு செம்பும் வந்துவிட்டது.

"அட முருகா!"

மாமனார் சொன்னது பலித்துவிட்டது என்றே நினைத்தேன். அடியைக் கழுவி, ஐ.சி.யைத் திரும்பப் பற்றவைத்து, செம்பு உரிந்த இடத்தில் தலைமுடி போன்ற ஒரு கம்பியால் இணைப்புக் கொடுத்தேன். பெட்டியை ஓட்டினோம். எண் மெல்ல ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

டாக்டரம்மா குழந்தையை வாங்கக் கை நீட்டினார். என் மனைவி கொடுக்கவில்லை. என்னைக் கேட்டாள்.

"சரியாயிருச்சுங்களா?"

எத்தனையோ மில்காரர்களிடம் "கேரண்டிங்க, தூக்கிட்டுப் போங்க" என்று வாய் கூசாமல் சொன்னவன் நான். அன்று நாக்கு எழவில்லை. அந்த முடிக்கம்பிதான் கண்ணுக்குள் நின்றது.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குழந்தையை இன்னும் உள்ளே இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அதுல வெக்க வேண்டாங்க டாக்டர். எங்கிட்டயே இருக்கட்டுங்க."

டாக்டரம்மா குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மகள் தாயின் நெஞ்சுச் சூட்டிலேயே தேறினாள். பெட்டி பக்கத்தில் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலைப் போட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனிக்காரன் வந்து திறந்து பார்த்தான். "நல்லாத்தானுங்க ஓடுது. தாராளமா வெக்கலாம்" என்றான்.

அவள் அப்போதும் என் முகத்தைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போர்வையை இறுக்கிக்கொண்டாள்.