அழகர்சாமியின் கிணற்றுத் தண்ணீர்

எங்கள் ஆய்வகத்தில் அழகர்சாமி அண்ணனிடம் தண்ணீரைப் பற்றி யாரும் சந்தேகம் கேட்க மாட்டோம். கேட்டால் மதியச் சாப்பாட்டு நேரம் போய்விடும். சிங்கப்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அதில் பதினெட்டு வருடமாக என் பக்கத்து மேசைக்காரர். தண்ணீரில் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. நான் அமலா, இங்கேயே பிறந்தவள். அதனால் நல்ல தண்ணீர் எப்படியிருக்கும் என்றே எனக்குத் தெரியாது என்பது அவர் முடிவு.

அண்ணனுக்குச் சுவா சூ காங்கில் ஒரு வாடகை அறை. திண்டுக்கல் பக்கம் நான்கு ஏக்கர் செம்மண், ஒரு வீடு, ஒரு கிணறு. வீட்டை மனைவி பஞ்சவர்ணம் பார்த்துக்கொள்கிறார். நிலத்தைப் பார்த்துக்கொள்வது அண்ணனின் கைப்பேசி. காலையில் ரயிலில் நின்றபடியே, ஊரில் வேலை பார்க்கும் மருதப்பனுக்கு வீடியோவில் உத்தரவு போடுவார்.

"கேமராவக் கீழ காட்டுடா. அந்தா சாரணைக் களை மொளச்சிருக்கு பாரு. இந்தத் தடவ மருந்தக் கொஞ்சம் கூடவே கலந்து அடி."

மக்காச்சோளத்தில் களை பறிக்க ஆள் கிடைப்பதில்லையாம். ஒன்பது வருடமாக அட்ரசின் என்ற களைக்கொல்லிதான் பறிக்கிறது.

இதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை தேக்காச் சாப்பாட்டுக் கடையில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுப்பார். அட்ரசின் மண்ணோடு அவ்வளவாக ஒட்டாது. மணற்பாங்கான நிலமென்றால் மழை அதைக் கரைத்துக் கீழே கூட்டிக்கொண்டு போய்விடும். வேர் போன வழி, மண்புழு போன வழி எல்லாம் அதற்குக் குறுக்குச் சந்து. மேல்மண்ணில் இருக்கும்வரை நுண்ணுயிர்கள் கொஞ்சமாவது தின்று தீர்க்கும். நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால் அங்கே தின்பதற்கு ஆளில்லை, வருடக்கணக்கில் கிடக்கும். ஒருமுறை இதைக் கேட்டபடி பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் தன் தண்ணீர்க் குவளையை மெல்லத் தள்ளி வைத்தார்.

"அப்ப உங்க கிணறு எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"அது அம்பது அடி ஆழம். எங்கப்பா வெட்டுனது."

விஞ்ஞானம் அதோடு முடிந்தது.

விடுப்பில் ஊருக்குப் போனவர்கள் முறுக்கு கொண்டுவருவார்கள். அண்ணன் பத்து லிட்டர் கேனில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருவார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரைச் சொன்னால் மட்டும் முகம் சுளிப்பார்.

அவருடைய ஒரே மகள் சங்கீதா இங்கேயே தெம்பனிஸில் கணவனோடு இருக்கிறாள். ஆறு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அண்ணன் நின்றார். பிறந்த பிள்ளையின் நாக்கில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைப்பார்களே, அது நம் கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்றார். சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஆகவே வைக்கப்போவதும் அவரே. உலகத்துக்கு இன்னோர் அழகர்சாமி தேவை என்று அவர் நினைத்தது எனக்குத் தெரியும்.

தேக்காவுக்கு எங்களோடு சாப்பிட வந்த சங்கீதா அமைதியாகச் சொன்னாள். "ஊரு உலகத்துத் தண்ணியெல்லாம் டெஸ்ட் பண்றீங்கப்பா. நம்ம தண்ணியையும் பண்ணுங்க. ரிசல்ட் பாத்துட்டு டிக்கெட் போடலாம். இல்லனா நான் வரல."

அண்ணன் சிரித்தார். "அமலாவே பண்ணட்டும். நான் பண்ணா மார்க் கூடப் போட்டுட்டேம்பீங்க."

மேலாளரிடம் அனுமதி வாங்கினோம். முதலில் சுத்தமான நீரைக் கருவியில் செலுத்தினேன். திரையில் கோடு பாய் விரித்தது போல் கிடந்தது. அடுத்து அண்ணனின் கேன் தண்ணீர். அட்ரசின் வரவேண்டிய இடத்தில் கோடு எழுந்து நின்றது.

முதலில் கருவியைக் குறை சொன்னார். பிறகு கேனை. பிறகு என் கையை. மூன்றாம் முறை அவரே செய்தார். அவர் கைக்கும் அது எழுந்து நின்றது.

"ஆளச் சாய்க்கிற அளவு இல்ல," என்றார்.

"இல்லதான். பிள்ளைக்குச் சேனை வைக்கலாமாண்ணே?"

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்தால் எப்படி விழிக்கும் என்று அன்று பார்த்தேன்.

கேனின் மூடியைத் திருகிக்கொண்டே, "சங்கீதாகிட்ட மெஷின் ரிப்பேர்னு சொல்லிக்கலாமா?" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மகளிடம் மானம் போகக்கூடாதாம். ஒன்பது வருடமாக மருந்து இறங்கும் அந்தக் கிணற்றடியிலேயே கிடக்கும் மனைவியின் பெயர் அவர் வாயில் வரவே இல்லை.

"ரிப்பேர் ஆனது மெஷின் இல்லலா. அண்ணிக்கு யார் சொல்றது? நீங்களா, நானா?"

அப்போதுதான் அவர் முகம் வெளுத்தது. உடனே கைப்பேசியை எடுத்தார். மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"பஞ்சவர்ணம், இனிமே கிணத்துத் தண்ணியக் குடிக்காத."

"நான் எங்க குடிக்கிறேன்? நாலு வருசமா பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணிதான்."

"ஏன்?"

"கிணத்துத் தண்ணி ஊத்துன அவரைக்கொடியெல்லாம் மஞ்சளாப் போயிக் கருகிருச்சு. மருதப்பன் மருந்து டேங்க கிணத்து மேட்டுலதான் கழுவுறான். எனக்குப் பயமாப் போச்சு."

"எங்கிட்டச் சொல்ல வேண்டாமா?"

"சொன்னேனே. நீ என்ன கெமிஸ்ட்ரி படிச்சவளான்னு கேட்டீங்க. அம்பது அடி மண்ணு எப்படி வடிகட்டும்னு முக்கா மணி நேரம் பாடம் எடுத்தீங்க. கொடிக்கு வெயில் பத்தலன்னீங்க."

அண்ணன் கைப்பேசியை நோக்கிக் குனிந்தார். "அப்ப அந்தத் தண்ணிய யாருதான் குடிக்கிறா?"

"நீங்கதான். லீவுல வந்தா சொம்பு சொம்பா. போறப்பக் கேன்ல வேற. வேணாம்னா கேட்டாத்தான?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

அன்று மாலையே மகளிடம் உண்மையைச் சொன்னார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஊர்ப் பயணம் ரத்தானது. மருதப்பனுக்கு இனி மருந்து அடிக்காதே என்று உத்தரவு போனது. கிணறு தெளிய எத்தனை வருடமாகும் என்று நான் கேட்கவில்லை. அதையெல்லாம் அவரே பரோட்டாவோடு சொல்லியிருக்கிறார்.

பிரசவத்துக்குப் பஞ்சவர்ணம் அண்ணியே சிங்கப்பூருக்கு வந்தார். பெண் குழந்தை. தெம்பனிஸ் வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுவந்த அன்று நானும் போயிருந்தேன். அண்ணன் புது வேட்டி கட்டி, சேனை வைக்கத் தயாராக நின்றார்.

"அம்மா வைக்கட்டும்பா," என்றாள் சங்கீதா. "பாப்பா அம்மா மாதிரி வரட்டும்."

அண்ணன் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து, வெள்ளி டம்ளரில் தண்ணீர் பிடித்துச் சர்க்கரை கரைத்து, இரண்டு கையாலும் மனைவியிடம் நீட்டினார்.

அண்ணி அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விரலை நனைத்தார்.