ஷைனி திருப்பிக் கேட்ட சோப்புகள்

ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஜாக்கெட்டில் மணி வைத்து ஆரி வேலை செய்ய வேண்டுமா, ஞானஸ்நானத்துக்குக் கவுன் தைக்க வேண்டுமா, எல்லாரும் ஷைனியிடம்தான் போவார்கள். ஒரே அறை வீடு. பாதியை, துணியை இழுத்துக் கட்டித் தைக்கும் ஆரிச் சட்டம் அடைத்துக்கொள்ளும். மீதியில் அவளும், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவன் இக்னேஷியஸும். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. போன வருஷம் தையலோடு சோப்பு செய்து விற்பதும் சேர்ந்துகொண்டது.

தேங்காய் எண்ணெயையும் விளக்கெண்ணெயையும் எடை போட்டு, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரோடு கலக்கி, அச்சில் ஊற்றி, கட்டியானதும் அறுத்து ஒரு மாதம் பரண்மேல் காயப்போடுவாள். இரண்டு வீடு தள்ளியிருக்கும் நீலாதான் முதலில் வாங்கியவள். காசிமேட்டில் இறால் உரிக்கிறவள். அந்தச் சோப்பு போட்டால் கைக்கு இதமாக இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் மற்றவர்களும் வாங்கினார்கள்.

திருவிழாவுக்கு முந்தைய மாதம் பதினோரு ஜாக்கெட் சேர்ந்துவிட்டது. அந்த அவசரத்தோடு அவசரமாக ஒரு நாள் சோப்பும் செய்தாள். எண்ணெயை எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே ஜாக்கெட்டுக்காரி ஒருத்தி போனில் கத்த, தோளில் போனை இடுக்கிக்கொண்டே கலக்கி ஊற்றினாள்.

அது காய்ந்து விற்ற நாலாம் நாள், தண்ணி லாரி வரிசையில் நீலா கையை நீட்டினாள். விரல் இடுக்கெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"இன்னா ஷைனி, இந்தவாட்டி சோப்பு போட்டா இப்டி எரியுது?"

சுற்றிலும் பத்துப் பெண்கள். ஷைனிக்கு முகம் சூடானது.

"நாள் பூரா எறா உரிக்கிற கை, அக்கா. நாத்தம் போவணும்னு போட்டு தேச்சிருப்ப. என் சோப்பு இன்னா பண்ணும்?"

யாரோ சிரித்தார்கள். நீலா கையை இழுத்துக்கொண்டு குடத்தோடு போய்விட்டாள்.

மறுவாரம் ஜாக்கெட்டுக்குத் தங்க நிற மணி தேடி ஷைனி ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே விளக்கெண்ணெய். அன்றைக்கு எடை போட்டு மூடி வைத்தது, சோப்பில் சேர்க்கவேயில்லை. எண்ணெய் குறைந்தால் காஸ்டிக் சோடாவின் காரம் மிஞ்சி, சோப்பிலேயே தங்கித் தோலை அரிக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

உடனே வீடு வீடாகப் போய்ச் சோப்புகளைத் திருப்பி வாங்கினாள். பழையது தீராததால் மற்றவர்கள் இன்னும் போடத் தொடங்கவில்லை. "வாசனை சரியா சேரல, வேற தரேன்" என்றாள். கடைசியாக நீலா வீடு. நீலா வேலைக்குப் போகவில்லை. இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தாள்.

"நீ சொன்னதுலருந்து எனக்கே டவுட்டு ஷைனி, நம்ம கை அவ்ளோ நாறுதான்னு. தெனமும் எலுமிச்சம்பழம் தேச்சேன். புண்ணாயிடிச்சி."

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். "வாசனை சேரலக்கா, அத குடுத்துரு" என்றுதான் வாயில் வந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டு நாள் ஊசி ஓடவில்லை. மூன்றாம் நாள் லாரி வந்தபோது, அதே பெண்கள் நடுவில் சொன்னாள்: "நீலாக்கா கைல ஒண்ணுமில்ல. நான்தான் சோப்புல வெளக்கெண்ண ஊத்த மறந்துட்டேன். தப்பு என்து. தெரியாமலே அவங்க மேல பழி போட்டேன், தெரிஞ்சப்புறமும் மறச்சிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. நீலா குடத்தை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"வூட்டுக்கு வந்தியே, அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"



கை ஆற இரண்டு வாரமானது. நீலா முன்போலவே பேசினாள். சண்டை ஒன்றும் இல்லை. மற்றவர்கள் சிலர் திரும்பவும் சோப்பு கேட்டார்கள். இப்போதெல்லாம் கையில் வேறு வேலை இல்லாத நாளில்தான் ஷைனி சோப்புக்கு எண்ணெயை எடுக்கிறாள்.

ஒருநாள் முனைக் கடையில் நூல் வாங்கப் போனாள். நீலா சோப்பு வாங்கிக்கொண்டிருந்தாள். ஷைனியைக் கண்டதும் சட்டென்று அதை முந்தானைக்குள் மறைத்து, "இன்னாமா, சாப்ட்டியா?" என்று சிரித்தாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, நூலை வாங்காமலே ஷைனி வீட்டுக்குத் திரும்பினாள்.