ஷீட்டில் காணாமல் போன H

1. ஆறு மாதக் குழந்தையின் சட்டை

உடம்பும் காலும் சேர்ந்த குழந்தை உடுப்பு ஒன்று, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் என் மேஜைக்கு வந்தது. அளவு ஆறு மாதம். விரித்துப் பார்த்தால் ஒன்றரை வயதுப் பிள்ளை தாராளமாக உள்ளே உருளலாம். துவைத்துக் காயவைத்தும் அளவு சரிக்கு வரவில்லை. உற்பத்தி தொடங்கும் முன், சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒப்புதல் தர வேண்டிய பிபி சாம்பிள் அது. மறுநாள் சாயங்காலம் கூரியரில் போயாக வேண்டும்.

முதலாளி அதைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏனுங்க, இது எந்த யூனிட்டுல தெச்சது?"

"குண்டடம் திலகவதி யூனிட்டு சார்."

"புது யூனிட்டுங்களா? சரி, ஆர்டர வேற பக்கம் மாத்திருங்க."

திலகவதி எங்கள் கம்பெனியில் டெய்லராகப் பல வருஷம் இருந்தவர். குண்டடத்திலிருந்து தினமும் கம்பெனி வேனில் ஒன்றரை மணி நேரம் வந்து, அதே அளவு திரும்பிப் போவார். கூட வந்த பதினான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊரிலேயே யூனிட் போட்டிருந்தார். இதுதான் அவர்களுக்கு முதல் எக்ஸ்போர்ட் ஆர்டர். கைவிட்டுப் போனால் பதினைந்து பேரும் மறுபடி வேன் ஏற வேண்டியதுதான்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகம். காரணம், என் ஷீட்.

2. சாரோட பட்டா நிலம்

அதற்கு முன்பெல்லாம் ஆளுக்கொரு அளவுத் தாள் வைத்திருப்பார்கள். மங்கலத்திலிருந்து, உடுப்புக்கு அளவு போடும் பேட்டர்ன் மாஸ்டர் பழனிசாமி சென்டிமீட்டரில் அனுப்புவார். வெட்டுகிறவர் இன்ச்சில் கேட்பார். நான் நடுவில் நின்று கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருப்பேன். வெறுத்துப்போய் எல்லாருக்கும் பொதுவாக இணையத்தில் ஒரே ஷீட் போட்டேன். அவரவர் ஊரிலிருந்தே அவரவர் காலத்தை, அதாவது மேலிருந்து கீழே ஓடும் கட்ட வரிசையை, நிரப்பலாம். உச்சியில் சிவப்பில் எழுதிவைத்தேன்: 'தலைப்புகளில் யாரும் கை வைக்கக் கூடாது.' ஆபீசில் அதற்கு 'சாரோட பட்டா நிலம்' என்றே பெயர் வந்துவிட்டது.

அதில் H காலம் முக்கியமானது. தலைப்பு: 'ஷ்ரிங்கேஜ் சேர்த்தாச்சா?' பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதற்காக அளவைக் கொஞ்சம் கூட்டித்தான் வெட்ட வேண்டும். பழனிசாமி கூட்டிப் போட்டுவிட்டால் H-ல் 'ஆம்' என்று எழுதுவார். 'ஆம்' இல்லாவிட்டால் வெட்டுகிறவர் கூட்டிக்கொள்வார். ஷ்ரிங்கேஜ் கூட்டாமல் திருப்பூர்ப் பக்கம் எவரும் கத்தரியைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

இந்த ஆர்டருக்குப் பழனிசாமி 'ஆம்' போட்டதை நான் முன்பே பார்த்திருந்தேன். ஆக, இரண்டு பேரும் கூட்டியிருக்கிறார்கள். திலகவதிக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, 'ஆம்'னு போட்டிருக்கத பாக்காமலா வெட்டுன?"

"எங்கீங்க சார் போட்டிருக்குது?"

"H-ல பாரு. கண்ணாடி போட்டுப் பாரு."

அந்தக் கண்ணாடிப் பேச்சு தேவையில்லாதது. இன்று நினைத்தாலும் கூசுகிறது.

திலகவதி A, B, C என்று ஷீட்டின் எழுத்துகளை வரிசையாகப் படித்தார். பிறகு நிதானமாகக் கேட்டார். "சார், G-க்கு அடுத்து H தானுங்களே வரோணும்? இங்க I வருதுங்க."

என் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். F, G, I.

போன வாரம் ஃபைலில் வைக்க ஷீட்டைப் பிரிண்ட் எடுத்தேன். A4 தாளில் அடங்கவில்லை. H-ஐ மட்டும் மறைத்துவிட்டு எடுத்தேன். திரும்ப விரிக்க மறந்துபோனேன். பொது ஷீட்டில் நான் மறைத்தால் மங்கலத்திலும் குண்டடத்திலும் சேர்ந்தே மறையும் என்பது, அந்த ஷீட்டை உண்டாக்கிய மகானுக்குத் தெரியவில்லை.

"திலகவதி, தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோம்மா."

"அத மொதலாளிகிட்டயும் சொல்லிருங்க சார்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

3. சாவி

முதலாளியிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப உங்களத்தான் வேற பக்கம் மாத்தோணும் போல இருக்குதுங்களே" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "அந்தம்மாளையே மறுக்கா வெட்டச் சொல்லுங்க."

மறுநாள் மதியத்துக்குள் புது சாம்பிள் வந்தது. கச்சிதம். பையர் ஒப்புதல் தந்தார். குண்டடத்தில் பதினைந்து மெஷின்களும் ஓடத் தொடங்கின.

அந்த வாரமே, யாரும் காலத்தைச் சேர்க்கவோ மறைக்கவோ முடியாதபடி ஷீட்டின் தலைப்புகளைப் பூட்டினேன். திறக்கும் உரிமையை என் பெயரிலிருந்து எடுத்து திலகவதிக்குக் கொடுத்தேன். ஆபீசில் கேலி செய்தார்கள், பட்டா மாறிவிட்டது என்று. மாறட்டும்.

ஒரு மாதம் கழித்து, பட்டன் விவரத்துக்குப் புதிதாக ஒரு காலம் சேர்க்கச் சொல்லி அவருக்குப் போன் செய்தேன்.

"சேத்தலாமுங்க சார். யாரு நெரப்புவாங்க?"

"நான்தான்."

"நீங்க மறந்துட்டீங்கன்னா, யாருங்க மறுக்கா தெக்கறது?"

யோசித்துப் பார்த்தேன். தைக்க வேண்டியவர் அவர்தான்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பொது ஷீட் போடுங்கள், பூட்டுங்கள். சாவியை மட்டும், தப்பு நடந்தால் யார் மறுபடி உட்கார்ந்து தைக்க வேண்டுமோ அவர் கையில் கொடுங்கள். பட்டன் காலம் வேண்டாம் என்று அன்றைக்கு நானே சொல்லிவிட்டேன்.